கியூபெக்கில் அப்பா காவல் இருந்த வாரம்

என் அப்பாவிடம் "இன்னிக்கு எப்படி?" என்று யார் கேட்டாலும் "ஏதோ கொஞ்சம்" என்பார். படகு நிறைய சிங்கி இறால் வந்த நாளிலும் அதே பதில். வெறும் கூண்டாகத் தூக்கிவிட்டு வந்த நாளிலும் அதே பதில். கேட்டவர் பாதிரியாராக இருந்தாலும் சரி, பல் டாக்டராக இருந்தாலும் சரி. யாருக்குப் படகு வைத்திருக்கும் மச்சான் இருப்பான் என்று சொல்ல முடியாது என்பார்.

அவர் பெயர் வெர்லன் க்ரௌலி. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தின் கிழக்குக் கோடியில் டிபெட் துறை என்ற ஊரில் பிறந்தவர். பதினாறு வயதில் தன் அப்பாவின் படகில் ஏறினார், இப்போது நாற்பத்தொன்பது. குடிக்க மாட்டார். யாரையும் அடித்ததில்லை. பனி கொட்டிய காலைகளில் பக்கத்து வீட்டு வாசல் பனியையும் சேர்த்துத் தள்ளிவிட்டு, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் வந்து காபி குடிப்பார். ஆனால் அந்தக் காபியை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையில் பைனாகுலரைப் பிடித்திருப்பார். எங்கள் சமையலறை ஜன்னலில் உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் அது எப்போதும் இருக்கும். துறையிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு படகும் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்து முடித்த பிறகுதான் அவர் முட்டையைத் தொடுவார்.

அவரைப் புரிந்துகொள்ள எங்கள் கடலைப் பற்றி ஒரு விஷயம் தெரிய வேண்டும். அங்கே ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு இடம் உண்டு. அதற்குப் பத்திரம் கிடையாது, வேலி கிடையாது. கடலடியில் கிடக்கும் கூண்டு எங்கே என்று காட்ட மேலே மிதக்கும் மிதவைக்கு அவரவர் நிறம். அப்பாவுடையது வெள்ளையில் ஆரஞ்சுப் பட்டை. ஒருவன் இடத்தில் இன்னொருவன் கூண்டு இறக்கினால் யாரும் கத்த மாட்டார்கள். அந்த மிதவையின் குச்சியில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, இறுக்கி முடிந்துவிட்டுப் போவார்கள். 'பாத்துட்டேன், எடுத்துக்கிட்டுப் போ' என்று அதற்கு அர்த்தம். மறுபடி வந்தால் மறுபடி முடிச்சு. அதற்கும் அடங்காதவனுடைய கயிறு அறுபடும், கூண்டு கடலோடு போகும். அடுத்தவன் கூண்டைத் தொடுவது சட்டப்படி குற்றம் என்பதால் எங்கள் ஊரில் இதை யாரும் செய்வதில்லை. எல்லோருக்கும் எப்படி முடிச்சுப் போடுவது என்று தெரியும், அவ்வளவுதான்.

இந்த ஏப்ரலில், கிழக்குப் பாறையில் கிடந்த அப்பாவின் மிதவை ஒன்றில் அப்படி ஒரு முடிச்சு இருந்தது. கிழக்குப் பாறை என் தாத்தா காலத்திலிருந்து எங்கள் இடம். அதாவது, எங்கள் இடத்திலேயே எங்களை யாரோ எச்சரித்திருந்தார்கள்.  அந்தச் சனிக்கிழமை சர்ச்சில் நடந்த பீன்ஸ் விருந்தில் டுவைட் மாமாவை விட்டு அப்பாவின் கண் நகரவே இல்லை. டுவைட் மாமா என் அம்மாவின் தம்பி. கிழக்குப் பாறைக்கு அடுத்த இடம் அவருடையது.

அம்மா பெயர் டோரீன். வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து நண்டு உடைத்து, சதையைப் பிரித்து, டப்பாவில் அடைத்துக் கடைகளுக்குக் கொடுப்பாள். பள்ளியில் கடைசி வருடம் கியூபெக் நகரத்துக்கு ஒரு பஸ் சுற்றுலா ஏற்பாடாகி, பனிப்புயலால் நின்றுபோனது. அதை அவள் பெரிதாகச் சொல்லிக்கொண்டதில்லை. இந்த மே மாதம் ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது ஒரு தாளை அப்பாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"என்னது இது?"

"வீடு. கியூபெக்ல. ஜூன் கடைசி வாரம். என் நண்டுக் காசுல கட்டியாச்சு."

"ஜூன்லயா?"

"ஜூன் கடைசியில இறால் எல்லாம் ஓடு மாத்தப் பாறைக்கு அடியில போய் ஒளிஞ்சுக்குது. நீ தினம் வெறுங்கையோட வந்து நாற்காலியை உதைக்கற. அங்கயும் நாற்காலி இருக்கு, நான் கேட்டுட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவுக்கு வரவில்லை. "என் கூண்டை யாரு பாத்துக்கறது?" என்றார்.

"டுவைட் பாத்துக்கறேன்னான்."

அப்பா முள்கரண்டியைக் கீழே வைத்தார். "அவனா வந்து சொன்னானா, நீ கேட்டியா?"

"நான் கேட்டேன்."

"நீயா."

"நான்தான்னு சொல்றேன்ல? எழுதிக் குடுக்கணுமா?" அம்மா தாளை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளினாள். "ஏழு நாள், வெர்லன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்துல நான் கேட்ட ஒரே வாரம். பாதியில கிளம்பற மாதிரி இருந்தா நீ மட்டும் கிளம்பு. நான் எப்ப வருவேன், வருவேனாங்கறதை அப்புறம் யோசிக்கறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அது வேடிக்கைப் பேச்சு என்று நாங்கள் இருவருமே நினைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். கோடைக்காலத்தில் ஞாயிறன்று கூண்டு தூக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. அன்று யாராவது கடலுக்குப் போனால் மாட்டிக்கொள்வான் என்ற தைரியத்தில் அப்பா அந்த நாளைத் தேர்ந்தெடுத்தார்.

கனடா எல்லைச் சாவடியில் இருந்த பெண் அதிகாரி என்னைவிட நாலைந்து வயதுதான் பெரியவள். எங்கே போகிறோம், எத்தனை நாள் என்று கேட்டுவிட்டு, "என்ன வேலை பாக்கறீங்க?" என்றாள்.

"இறால் பிடிக்கறேன்."

"ஓ! இந்த வருஷம் எப்படி?"

அப்பா அவளை உற்றுப் பார்த்தார். "எதுக்குக் கேக்கறீங்க?"

டிரக்கை ஓரங்கட்டச் சொன்னார்கள். ஒரு மணி நேரம் சோதனை. பைனாகுலர், எங்கள் துறையின் கடல் ஏற்ற இறக்க அட்டவணை, இறாலின் முதுகோட்டை அளக்கும் பித்தளை அளவுகோல் எல்லாம் மேசை மேல் வரிசையாக வந்தன. திரும்ப வண்டியில் ஏறியதும் அம்மா வாயைத் திறந்தாள்.

"'பரவாயில்ல'ன்னு ஒரு வார்த்தை. உன் நாக்கு தேஞ்சா போயிருக்கும்?"

"அவ மச்சான் படகு வச்சிருப்பான்."

"சுத்தி மலை. அவ மச்சான் மரத்துலயா படகைக் கட்டுவான்?"

நாங்கள் எடுத்திருந்த வீடு பழைய ஊரின் மதிலுக்கு வெளியே, செங்குத்தான ஒரு சந்தில் இருந்தது. மூன்று மாடிக் கல் வீடு. நடு மாடி எங்களுக்கு. பின்பக்க முற்றத்திலிருந்து இரும்புப் படிக்கட்டு ஒவ்வொரு மாடிக் கதவுக்கும் ஏறிப் போனது. சாவி வாசலில் ஒரு சின்ன எண் பூட்டுப் பெட்டிக்குள் இருந்தது.

"சாவியைத் தெருவுல தொங்க விட்டிருக்காங்க. என்ன ஆளுங்க இவங்க?" என்றார் அப்பா.

"நம்ம வீட்டுக்குப் பூட்டே கிடையாது, வெர்லன்."

"அது வேற."

அவர் சொன்னது ஒரு வகையில் உண்மைதான். எங்கள் ஊரில் வீடு திறந்து கிடக்கும், டிரக்கின் சாவி டிரக்கிலேயே இருக்கும். நிலத்தில் யாரும் எதையும் தொட மாட்டார்கள். சந்தேகமெல்லாம் தண்ணீரில்தான். இங்கே அப்பாவுக்குத் தண்ணீரும் இல்லை, தெரிந்த முகமும் இல்லை. கடலில் வைத்திருந்த சந்தேகத்தை அப்படியே தூக்கி ஊர் முழுக்கப் போர்த்திவிட்டார்.

திங்கட்கிழமை மதில் மேல் நடந்தோம். அம்மா ஒவ்வொரு பீரங்கியையும் தொட்டுப் பார்த்தாள். அப்பா பத்தடிக்கு ஒரு முறை பின்னால் திரும்பிப் பார்த்தார். மத்தியானம் சாப்பிடப் போன இடத்தில் பக்கத்து மேசைக்கு ஒரு இறால் வந்தது. அப்பா எழுந்துபோய், அந்தத் தம்பதியிடம் ஏதோ முனகிவிட்டு, சட்டைப் பையிலிருந்து பித்தளை அளவுகோலை எடுத்து இறாலின் முதுகோட்டில் வைத்தார். சின்ன இறாலைப் பிடித்து விற்கிறார்கள் என்று அவருக்கு நிச்சயம். அந்தப் பெண் கையில் எலுமிச்சைத் துண்டோடு அப்படியே உறைந்துவிட்டாள்.

"சரியான அளவுதான்" என்று திரும்பி வந்து உட்கார்ந்தார், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

"சந்தோஷமா?" என்றாள் அம்மா. "அவங்க உன்னைப் போலீஸ்னு நினைச்சுட்டாங்க. நானே ஒரு நிமிஷம் அப்படித்தான் நினைச்சேன்."

செவ்வாய்க்கிழமை காலை அப்பா என்னை எழுப்பினார். "ரோ, வெளிய வா. எதையும் தொடாத."

என் முழுப் பெயர் ரோவீனா. அவர் அவசரத்தில் இருந்தால் மட்டும் ரோ.

பின்பக்கப் படிக்கட்டில் எங்கள் கதவுக்கு நாலு படி கீழே, கைப்பிடியின் இரும்புக் கம்பி ஒன்றில் ஒரு துண்டுக் கயிறு. பச்சை நிறம், புதுசு. இரண்டு சுற்று. இறுக்கி முடிந்திருந்தது.  பிறந்ததிலிருந்து அந்த முடிச்சைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

"நேத்து ராத்திரி இது இல்ல," என்றார் அப்பா.

"யாராவது சும்மா கட்டியிருப்பாங்கப்பா."

"யாரு சும்மா கட்டுவா? சும்மா கட்டறவன் ஒரு சுத்து சுத்துவான்."

அன்று மத்தியானம் முற்றத்தில் இரண்டு ஆண்கள் வந்து நின்றார்கள். படிக்கட்டின் அகலத்தை நாடாவால் அளந்தார்கள். ஒருவன் எங்கள் கதவை நோக்கிக் கையை நீட்டி ஏதோ சொன்னான், மற்றவன் தாளில் குறித்துக்கொண்டான். அப்பா திரைச்சீலைக்குப் பின்னால் பைனாகுலரோடு நின்று பார்த்தார். பதினைந்தடி தூரத்தில் இருப்பவனைப் பைனாகுலரில் பார்த்தால் மூக்கு மட்டும்தான் தெரியும் என்று நான் சொன்னேன். மூக்கு போதும், அப்புறம் அடையாளம் காட்டலாம் என்றார்.

சாயங்காலம் அம்மா கைபேசியோடு சந்து முனைக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தாள்.

"யாரு?" என்றார் அப்பா.

"டுவைட். எல்லாம் நல்லா இருக்காம்."

"உள்ள நின்னு பேசினா என்ன?"

"உள்ள சிக்னல் இல்ல."

சிறிது நேரம் கழித்து அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஊரில் இருக்கும் தன் சிநேகிதர் ஸ்டில்மனைக் கூப்பிட்டார். சிக்னல் நன்றாகவே இருந்தது. அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை. ஸ்டில்மனின் குரல் எனக்கும் கேட்டது. "நான் ஒண்ணும் பாக்கல, வெர்லன்." எங்கள் ஊரில் ஏதாவது பார்த்தவன் முதலில் சொல்வது அதுதான்.

புதன்கிழமை காலை இரண்டாவது முடிச்சு வந்தது. இந்த முறை எங்கள் கதவுக்கு நேர் எதிரே இருந்த கம்பியில்.

அன்றைக்கு ஆற்றைக் கடக்கும் படகில் போய், தண்ணீருக்கு நடுவிலிருந்து ஊரைப் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் திட்டம். அப்பா வர மறுத்தார். டிரக்கை இரண்டு தெரு தள்ளிக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு வந்து, படிக்கட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். "ரெண்டாவது முடிச்சு, டோரீன். அடுத்தது என்னன்னு உனக்குத் தெரியும்."

"என்ன? நம்ம வீட்டைக் கயித்தை அறுத்து ஆத்துல விடுவானா?"

நானும் அம்மாவும் மட்டும் போனோம். படகில் அவள் யாரோடும் பேசாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரே ஒரு தடவை, "ஒரு மீன்பிடிக்காரனைக் கட்டிக்கிட்டு நான் தனியா படகுல போறேன் பாரு" என்றாள்.

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். திரும்பி வரும் வழியில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. வாரத்தைத் தேர்ந்தெடுத்தது அம்மா. டுவைட் மாமாவிடம் கேட்டது அம்மா. சிக்னல் இல்லை என்று சொன்னதும் அம்மா. தனித்தனியாக ஒன்றும் இல்லை. சேர்த்துப் பார்த்தால் அப்பாவின் பைனாகுலரை நான் கண்ணில் வைத்தது போல இருந்தது.

சாப்பிட உட்கார்ந்தபோது அப்பா கேட்டுவிட்டார்.

"இந்த வாரம் யாரோட யோசனை, டோரீன்?"

"என்னோடது."

"டுவைட்டோடது இல்லையே?"

அம்மா ரொட்டிக் கத்தியைக் கீழே வைத்தாள். "முழுசா சொல்லு. பாதியை நான் ஊகிக்க மாட்டேன்."

"இறால் ஓடு மாத்தி முடிச்சுக் கரைப்பக்கம் வரப் போற நேரம். இப்ப கிழக்குப் பாறையில யாரு கூண்டு கிடக்குதோ அவனுக்குத்தான் இந்த வருஷம். அதுக்கு ஒரு வாரம் நான் ஊர்ல இருக்கக் கூடாது. நீ என்னைக் கூட்டிக்கிட்டு வந்துட்ட. சிக்னல் இல்லேன்ன. இருக்கு."

அம்மாவின் கழுத்து சிவந்தது. "உன் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே என் தம்பிகிட்டப் பேச எனக்குத் தெம்பில்ல. அதான் வெளிய போனேன். இருபத்திரண்டு வருஷமா யாரோட சட்டையில இரை நாத்தத்தைக் கழுவினேன்? உன் சட்டையிலயா, டுவைட் சட்டையிலயா?"

அப்பா தட்டைத் தள்ளி வைத்தார்.

"சாவி ஆணியில தொங்குது," என்றாள் அம்மா. "காலையில கிளம்பு. ரோ பஸ்ல வருவா. என்னைப் பத்தி நீ கவலைப்படாத, நான் யாரோட ஆளுன்னு முடிவு பண்ணிட்டியே."

வியாழக்கிழமை காலை அப்பா பையை எடுத்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கினார். நான் அவர் பின்னால் போனேன். கீழ்ப்படியில் ஒரு மனிதர் குனிந்துகொண்டிருந்தார். அறுபது தாண்டியவர், ஒல்லி, வீட்டுச் செருப்பு, காதில் பென்சில். கையில் பச்சைக் கயிறு. கம்பியில் இரண்டாவது சுற்று சுற்றிக்கொண்டிருந்தார்.

அப்பா பையைப் போட்டுவிட்டு அவர் மணிக்கட்டைப் பிடித்தார். "இந்த முடிச்செல்லாம் போட்டது நீங்கதானா?"

அந்த மனிதர் வெளிறிப்போனார். தட்டுத் தடுமாறிய ஆங்கிலத்தில், "கையை விடுங்க, மெஸ்யே. நான் எதையும் திருடல. குழாய், விளக்கு, கதவுப்பிடி எல்லாம் அப்படியே இருக்கு. போய் அந்தம்மாகிட்டச் சொல்லுங்க" என்றார்.

"எந்தம்மா?"

"உங்களை அனுப்பின வீட்டுக்காரம்மா. மூணு நாளா ஜன்னல்ல பைனாகுலர் வச்சுக்கிட்டு நிக்கறீங்க. படியில நாற்காலி போட்டு உக்காந்திருக்கீங்க. நான் காலி பண்ணும்போது எதையாவது கழட்டிக்கிட்டுப் போறேனான்னு பாக்கத்தானே?"

அப்பா கையை விட்டுவிட்டார்.

அவர் பெயர் ரெஜான். மேல் மாடியில் முப்பத்தொரு வருடமாகக் குடியிருக்கிறார். அந்த ஊரில் ஜூலை முதல் தேதிதான் எல்லோரும் வீடு மாறுவார்கள், இந்த வருடம் அது சனிக்கிழமை, அவரும் அன்றைக்குள் காலி செய்ய வேண்டும். அவருடைய அம்மாவின் பெரிய மர அலமாரி படிக்கட்டில் திரும்பாது, கயிற்றில் கட்டித்தான் இறக்க வேண்டும். கைப்பிடியில் பாதிக் கம்பி துருப்பிடித்தது. எது பாரம் தாங்கும் என்று தினம் ஒன்றாக ஆட்டிப் பார்த்து, தாங்கும் கம்பியில் மட்டும் கயிறு கட்டி அடையாளம் வைத்திருக்கிறார். செவ்வாய்க்கிழமை வந்தவர்கள் சாமான் தூக்குபவர்கள். அலமாரி போகும்போது எங்கள் கதவைத் திறந்து வைத்தால் இடம் போதுமா என்று பார்த்திருக்கிறார்கள்.

அப்பா குனிந்து கயிறு இல்லாத கம்பி ஒன்றை ஆட்டினார். கையோடு வந்துவிடும் போல ஆடியது. கயிறு கட்டிய கம்பியை ஆட்டினார். அசையவில்லை.

"எதுக்குக் காலி பண்றீங்க?" என்றார்.

"வீடு முழுக்க உல்லாசப் பயணிகளுக்கு விடணுமாம். நீங்க இருக்கற மாடியில என் தங்கச்சி இருந்தா. போன வருஷம் அவளை அனுப்பினாங்க, இந்த வருஷம் நான்."

"முப்பத்தொரு வருஷம். போன்னா போயிடறதா?"

"அந்தம்மாகிட்டப் பத்திரம் இருக்கு. என்கிட்ட முழங்கால் வலிதான் இருக்கு."

அப்பா எங்கள் கதவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ரெஜானிடம், "அப்படீன்னா எங்களுக்கு முடிச்சுப் போட உங்களுக்கு உரிமை இருந்திருக்கு" என்றார். ரெஜானுக்குப் புரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

அப்போதுதான் அப்பாவின் கைபேசி அடித்தது. ஸ்டில்மன்.

"நான் ஒண்ணும் பாக்கல, வெர்லன். ஆனா கிழக்குப் பாறையில நாப்பது மிதவை கிடக்குது. மஞ்சளும் கறுப்பும்."

மஞ்சளும் கறுப்பும் டுவைட் மாமாவின் நிறம். அப்பா கைபேசியைத் தாழ்த்தினார். அம்மா அதற்குள் படிக்கட்டின் மேல் வந்து நின்றிருந்தாள், அவளுக்கும் கேட்டிருந்தது. அவள் கீழே இறங்கி வந்து, தன் கைபேசியை எடுத்து, ஒலிபெருக்கியைப் போட்டு எல்லோருக்கும் நடுவில் பிடித்தாள்.

"அக்கா! ஊர் எப்படி இருக்கு?" என்றார் டுவைட் மாமா.

"ஊர் கிடக்கட்டும். கிழக்குப் பாறையில யாரு கூண்டுடா?"

"எந்தப் பாறை?"

"உனக்கு எத்தனை பாறை தெரியும்?"

"சும்மா கிடக்குதேன்னு கொஞ்சம் இறக்கினேன். நீதானே பாத்துக்கச் சொன்ன? பக்கத்துல இருந்தாத்தானே பாத்துக்க முடியும்?"

"நல்லா பாத்துக்கற. சாயங்காலத்துக்குள்ள எடு."

"வெர்லன் பக்கத்துல இருக்கானா?"

"இருக்கான்."

"அப்ப சரி. எடுத்துடறேன்னு சொல்லிடு."

போன் வைக்கப்பட்டது. அந்தக் கடைசி வார்த்தைகள் முற்றத்திலேயே நின்றன. டுவைட் மாமா தோற்றுப்போய்ப் பணிந்து சொன்னாரா, அக்காவும் தம்பியும் பேசி வைத்துக்கொண்ட பாஷையா, இரண்டுக்கும் அது பொருந்தியது. எனக்கே அப்படிப் பட்டால் அப்பாவுக்கு எப்படிப் பட்டிருக்கும்? அம்மாவுக்கும் அது தெரிந்தது. அவள் முகம் மாறியது. ஆனால் "நான் இல்ல" என்று அவள் சொல்லவில்லை. சொல்லித்தான் பார்த்துவிட்டாளே.

"இப்ப கிளம்பினா இருட்டறதுக்குள்ள போயிடலாம்" என்றார் அப்பா, யாரிடமும் இல்லாமல்.

"போயிடலாம்" என்றாள் அம்மா.

அவர் படியில் உட்கார்ந்தார். மடியில் பை. சந்தில் யாரோ ஒரு மெத்தையை இழுத்துக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. அப்பா மனதுக்குள் எதை எதோடு வைத்துப் பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஒரு முடிச்சைப் பற்றி மூன்று நாளாக நிச்சயமாக இருந்து தவறிப் போயிருந்தார். மச்சானைப் பற்றி அதே நிச்சயத்தோடு இருந்தது சரியாக இருந்தது. அம்மாவின் விஷயம் இரண்டில் எதில் சேரும் என்று சொல்ல அங்கே எந்த ஆதாரமும் இல்லை.

ரெஜான் சங்கடத்தோடு கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"சனிக்கிழமை எத்தனை ஆளு வர்றாங்க?" என்று கேட்டார் அப்பா.

"ரெண்டு பேர்."

"அந்த அலமாரிக்கு ரெண்டு பேர் பத்தாது."

அம்மா திரும்பி மேலே ஏறிப் போனாள். சற்று நேரத்தில் காபி வாசனை வந்தது. அப்பா பையைப் படியிலேயே வைத்திருந்தார். நான்தான் அதைத் தூக்கிக்கொண்டு போய் உள்ளே வைத்தேன்.

சனிக்கிழமை ஊரே தெருவில் இருந்தது. சோபாக்கள், செடித்தொட்டிகள், குளிர்சாதனப் பெட்டியை முதுகில் கட்டிக்கொண்டு நடக்கும் மனிதர்கள். சாமான் தூக்க வந்த இருவர் போட்ட முடிச்சுகளையும் அப்பா நம்பவில்லை. எல்லாவற்றையும் அவிழ்த்துத் தானே முடிந்தார். அலமாரி ஒரு கீறல் இல்லாமல் இறங்கியது. ரெஜான் அதன் கதவைத் திறந்து, உள்ளே யாராவது ஏதாவது வைத்திருக்கிறார்களா என்று பார்த்தார். அப்பா அதை மரியாதையோடு கவனித்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஊர் திரும்பினோம். டுவைட் மாமா நாற்பதில் பதினைந்தைத்தான் எடுத்திருந்தார். புது இறால் அந்த வாரமே கரைப்பக்கம் வந்துவிட்டது, கிழக்குப் பாறையின் முதல் பத்து நாள் பிடிப்பு அவருக்குப் போனது. அப்பா அவர் மிதவைகளில் முடிச்சுப் போட்டாரா என்று கேட்காதீர்கள், எங்கள் ஊரில் யாரும் அதைச் செய்வதில்லை. அம்மா தன் தம்பியோடு இன்னும் பேசவில்லை. சர்ச்சில் வேறு மேசையில் உட்காருகிறாள்.

ஆகஸ்டில் ஒரு நாள் அம்மா பின்னறையில் நண்டு உடைத்துக்கொண்டிருந்தாள். நான் டப்பாக்களை மூடிக்கொண்டிருந்தேன். அப்பா வந்து கதவில் சாய்ந்து நின்றார்.

"அன்னிக்கு அந்த முற்றத்துல நான் உன்னை நம்பினேன், டோரீன்."

அம்மா ஒரு நண்டுக் காலை முறித்தாள். "பொய் சொல்லாத. நம்பல. உன் மூஞ்சியில தெரிஞ்சுது. நம்பாமதான் இருந்த."

அப்பா கதவை விட்டு நிமிர்ந்தார்.

"ஆனா கிளம்பாம இருந்த," என்றாள். "நம்பிட்டு இருக்கறது சுலபம். எனக்கு இது போதும். இப்போதைக்கு."

அப்பா போகத் திரும்பியவர் நின்றார்.

"இப்போதைக்குன்னா என்ன அர்த்தம்?"